வேரின் சத்தம்

மகளின் வாய்க்குள் கம்பி போனதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அவருக்குப் பழக்கம்.

ஈரோடு ரயில் நிலையத்தில் இருபத்தாறு வருடமாக அதுதான் வேலை. வண்டி வந்து நின்றதும் நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு ஓரமாக நடப்பார். ஒவ்வொரு சக்கரமாகத் தட்டுவார். நல்ல சக்கரம் கணீரென்று பாடும். விரிசல் விட்டது பொத்தென்று கேட்கும்.

பொத்தென்று கேட்டால் வண்டி நகரக் கூடாது.

டாக்டர், பல் பார்க்கும் சிறு கண்ணாடியைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடி முனையால் முன்பல்லை மெதுவாகத் தட்டினார்.

பொத்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் இதே அறையில்தான் அந்தப் பல்லைத் திரும்பக் குழிக்குள் வைத்துக் கட்டினார்கள். வேரைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது என்று டாக்டர் அன்று சொன்னார். வெங்காயத்தின் உள்தோல் மாதிரி. அது பிழைத்து மறுபடி வளர்ந்தால் பல் நிற்கும். செத்திருந்தால் எலும்பு வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அந்தச் சவ்வைப் பற்றித்தான் டாக்டருடைய ஆராய்ச்சியே. அதுவரை முப்பத்தொரு பல் பார்த்திருந்தார். பிழைத்தது ஒன்பது.

மிச்சம் இருபத்திரண்டு என்று அப்பா மனசு உடனே கழித்துப் பார்த்துவிட்டது.

பெண்ணுக்கு வயது பதினொன்று.

டாக்டர் பக்கத்துப் பல்லைத் தட்டினார்.

பொத்.

அதுவும் போயிற்றா? சென்னிமலை முருகா.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திரும்பவும் ஒரு தட்டு. பிறகு முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார்.

"ஏனுங்ணா, எந்திரிச்சு நின்னுட்டீங்க?"

எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"சத்தம் சரியில்லீங்களே டாக்டரம்மா. விரிசல் விட்ட சத்தமுங்க இது. பக்கத்துப் பல்லும் அப்படியேதான் கேக்குது."

"புள்ளை வாயி என்ன கூட்ஸ் வண்டியா?" டாக்டர் சிரித்துவிட்டார். "பல்லு இப்படித்தாங்ணா கேக்கணும். வேருக்கும் எலும்புக்கும் நடுவுல அந்தச் சவ்வு மெத்தை மாதிரி இருக்குது. அதான் சத்தம் அமுங்குது. கணீர்னு கேட்டிருந்தாத்தான் நான் பயந்திருப்பேன். எலும்போட ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம்."

அவர் அதை ஒரு தடவை மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"வளந்திருச்சுங்களா?"

"நல்லாவே வளந்திருச்சுங்ணா."

உட்கார்ந்தார். எந்தக் கடவுள் படமும் இல்லாத அந்தச் சுவரைப் பார்த்து ஒரு முறை கைகூப்பினார்.

டாக்டர் ஆராய்ச்சிப் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். பல் எத்தனை நேரம் வெளியே இருந்தது. எதில் வைத்துக் கொண்டுவரப்பட்டது. 'பால்' என்று எழுதினார். அடுத்த வரி, பல்லைப் பாதுகாத்தவர் யார் என்பது.

"அப்பான்னு போட்டுக்கறேன். நீங்க அன்னிக்குப் பண்ணுன காரியம்தாங்ணா இது. பாதிப் பேரு நல்லது பண்றதா நெனச்சுத் தேய்ச்சுக் கழுவிக் கொண்டாறாங்க. சவ்வு அதோடயே போயிருது."

தர்ஷிகா நாற்காலியில் சாய்ந்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலையாட்டினால் போதும்.

"நான் இல்லீங்க" என்றார்.

அன்று டவுன் பஸ் சடாரென்று பிரேக் போட்டதும் பிள்ளை முன்கம்பியில் முட்டினாள். பல் தரையில் உருண்டது. குனிந்து எடுத்தவர் அவர்தான். இத்தனை அழுக்கோடு டாக்டர் கையில் கொடுப்பதா என்று, எச்சில் தொட்டுச் சட்டை நுனியில் தேய்க்கப் போனவரும் அவர்தான். எதிர்ச் சீட்டில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். தேய்க்காதீர்கள் என்றாள். குழந்தையின் பால் புட்டியைத் திறந்து, பல்லை உள்ளே போட்டு, மூடி, அவர் கையில் திணித்தாள்.

அந்தக் குழந்தைக்கு வேறு பால் இல்லை.

ஆஸ்பத்திரி நிறுத்தம் வரும்வரை அது வீறிட்டு அழுதது. அவர் ஒரு கையில் மகளையும் மறு கையில் புட்டியையும் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கி ஓடினார்.

"பஸ்ஸுல வந்த ஒரு அம்மாதானுங்க. பேருகூடக் கேக்கலீங்க" என்றார். "அன்னைக்கு வந்த ஓட்டத்துல ஒரு வார்த்தை சொல்லலீங்க."

டாக்டரின் பேனா அந்த வரிமேல் அப்படியே நின்றது.

தர்ஷிகா வாயிலிருந்த பஞ்சை எடுத்தாள்.

"ரிஹானா."

"யாரு சாமி அது?"

"அந்தப் பாப்பாப்பா. அழுவாத ரிஹானா, அழுவாத ரிஹானான்னு அவங்கம்மா சொல்லிட்டே இருந்தாங்கல்ல."

டாக்டர் குனிந்து எழுதினார்.

தினமும் காலையில் குளித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் நின்று, நல்லா வெச்சிரு, நல்லா வெச்சிரு என்று தர்ஷிகா ஒவ்வொரு பெயராகச் சொல்லுவாள். அம்மா. அப்பா. தம்பி. அப்புறம் இன்னொரு பெயர்.

பள்ளிக்கூடத்துச் சிநேகிதி போலிருக்கிறது என்று அவர் ஆறு மாதமாக நினைத்திருந்தார்.