இர்ஷாத் செய்தது

வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் இர்ஷாத் சாமான்களைக் காட்டினான். ஜன்னலையும் சாத்தினான்.

பட்டப்பகலில், வெயில் இப்படிக் கொளுத்துகிறபோது, எதற்கு இந்தக் கதவடைப்பு? வாங்க வந்திருந்த பாண்டிராஜ் கதவை ஒட்டியே நின்றுகொண்டான்.

வாசுதேவநல்லூரிலிருந்து புளியங்குடியில் பஸ் மாறி சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தான். கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவன். மாடுலர் சிந்தசைசர் மேல் பைத்தியம். அந்த மின்னணு வாத்தியம் தனித்தனிப் பெட்டிகளாக, மாடுல்களாக இருக்கும். ஒன்று சத்தத்தை எழுப்பும், ஒன்று வடிகட்டும், ஒன்று தாளம் எண்ணிக்கொண்டே இருக்கும். ஒயரால் பிணைத்துவிட்டால் பாட்டுப் பிறக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் இரண்டு மாடுலுக்கே அவன் பைக்கை விற்க வேண்டும். இங்கே கட்டில் நிறையப் பரப்பி வைத்திருந்தது. ஆன்லைனில் போட்டிருந்ததோ அடிமாட்டு விலை.

மலிவாக ஒன்று கிடைத்தால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். பாண்டிராஜ் சந்தேகப்படுவான்.

விளம்பரத்தில் பெயர் இல்லை, படம் மட்டும்தான். போனில் கேட்டபோதும் இர்ஷாத், வீட்டுக்கு வாருங்கள், நேரில் பேசிக்கொள்ளலாம் என்று பேச்சைக் கத்தரித்துவிட்டான்.

எல்லாம் நானே செய்தது என்றான் இர்ஷாத். சிலது உதிரிபாகங்களைக் கிட்டாக வாங்கிப் பற்றவைத்தது, சிலது முழுக்கச் சொந்தம். இன்வெர்ட்டர் சர்வீஸ்தான் வேலையாம். மிச்ச நேரமெல்லாம் இதற்குத்தானாம்.

சரி, சத்தத்தைக் கேட்கலாம் என்றால் ஸ்பீக்கரில் போட மாட்டேன் என்றான். ஹெட்போனை நீட்டினான்.

பாண்டிராஜ் மாட்டிக்கொண்டான். எங்கோ ஆழத்தில் ஒரு கார்வை எழுந்து, மெல்ல மேலேறி, நாதஸ்வரமும் இல்லாமல் வயலினும் இல்லாமல் அதுவரை அவன் கேட்டே இராத ஒன்றாகக் குழைந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கழற்றியதும் முதலில் தோன்றியது இதுதான்: இதைச் செய்தவன் விற்க மாட்டான். விற்கிறவன் செய்திருக்க மாட்டான்.

திருட்டுச் சாமான்.

இர்ஷாத்தின் மனைவி நஸ்ரின் பானு டீ கொண்டுவந்தாள். வந்தவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் கொண்டுவந்திருந்த பெரிய பையைத்தான் பார்த்தாள்.

"ஒண்ணுகூட மிச்சம் வைக்காம எடுத்துட்டுப் போயிருவீயல்லா?"

வீட்டைவிட்டுத் தொலைந்தால் போதும் என்கிற அவசரம் அந்தக் குரலில் இருந்தது. பாண்டிராஜ் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

இர்ஷாத் ஜவுளிக்கடை அட்டைப்பெட்டிகளை எடுத்துவந்து, மாடுல்களைத் துணியில் சுற்றி அடுக்கத் தொடங்கினான். ஒயர்களை மட்டும் இப்போது தர மாட்டானாம். அடுத்த வாரம் கூரியரில் அனுப்புவானாம். ஒரே பையில் இரண்டும் போகக் கூடாதாம்.

இதற்கு மேல் பாண்டிராஜுக்குப் பொறுமை இல்லை. நாளைக்கு எவனாவது என் பொருள் என்று வந்து நின்றால் ஸ்டேஷனில் கைகட்டி நிற்கப்போவது யார்? கச்சேரிக்காரனுக்குத் திருடன் என்று பெயர் வந்துவிட்டால், அப்புறம் எந்தக் கல்யாண வீட்டில் கூப்பிடுவார்கள்?

"கோவிச்சுக்கிடாதீய பாய். இதெல்லாம் நீங்க செஞ்சதுதான்னு நான் எப்படி நம்ப?"

இர்ஷாத் கோபப்படவில்லை. ஒரு மாடுலைப் புரட்டி, தகட்டின் கீழ் ஓரத்தைக் காட்டினான். பொடிப் பொடித் தமிழ் எழுத்தில் அவன் பெயர் செதுக்கியிருந்தது. அடுத்ததிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. பழைய மாடுல்களில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது, பிந்தியவற்றில் நன்றாகக் கை தேறியிருந்தது.

அப்பாடா என்றிருந்தது பாண்டிராஜுக்கு. இத்தனை நேரம் நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. பணத்தை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டான்.

இர்ஷாத் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு உப்புத்தாளை எடுத்தான். தன் பெயர் மேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

"என்ன பாய் செய்யுதீய! உங்க பேரு இருந்துட்டுப் போகட்டும்."

தேய்ப்பதை நிறுத்தாமலே இர்ஷாத் விஷயத்தைச் சொன்னான். போன மாதம் ராஜபாளையத்தில் ஒரு நண்பனுக்குக் காட்டுவதற்காக இரண்டு மாடுலை பேட்டரியும் ஒயருமாகப் பையில் எடுத்துப் போயிருக்கிறான். பஸ் குலுக்கலில் தாளம் எண்ணுகிற மாடுல் தானாக ஓடத் தொடங்கிவிட்டது. டிக் டிக்கென்று சத்தம், கூடவே விட்டுவிட்டு எரியும் சிவப்பு விளக்கு. பக்கத்து சீட்காரர் முதலில் பையைப் பார்த்தார், பிறகு இவன் தாடியைப் பார்த்தார். பஸ்ஸை நடுவழியில் நிறுத்திவிட்டார்கள். பெயரைக் கேட்டார்கள். சொன்னான். மறுநாள்தான் வீடு வந்து சேர்ந்தான்.

அன்றிலிருந்து வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டாலே நஸ்ரின் எழுந்து நின்றுவிடுகிறாளாம்.

"வழியில யாரும் கேட்டா நீங்க செஞ்சதுன்னு சொல்லிருங்க அண்ணாச்சி. கேக்கவும் மாட்டாவ. அதான் நெத்தியில புத்துமண்ணு இருக்குல்லா."

பாண்டிராஜின் கை தானாக நெற்றிக்குப் போனது. வருகிற வழியில் கோமதி அம்மன் கோயிலில் பிரசாதமாக வாங்கி இட்டுக்கொண்டது. இட்டதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

இது அநியாயம் பாய், தேய்க்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள், இந்தப் பையோடு தான் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதையும், யாரோ ஒரு தகட்டைப் புரட்டி அந்தப் பெயரை வாசிப்பதையும் மனம் ஒரு நொடி நினைத்துப் பார்த்துவிட்டது.

கட்டிலில் இன்னும் பாதிக்கு மேல் கிடந்தன. இர்ஷாத் உப்புத்தாளை இரண்டாகக் கிழித்து ஒன்றை நீட்டினான்.

பாண்டிராஜ் வாங்கிக்கொண்டான்.