ஃபேனை நிற்பாட்டச் சொன்ன மாப்பிள்ளை

மாப்பிள்ளை ஐந்தாவது வடையைக் கையில் எடுத்ததைக் குசினித் திரைக்குப் பின்னால் நின்று பார்த்த தட்சாயினி தலையில் கைவைத்தாள். பிடிக்காத வீட்டில் ஒருவரும் ஐந்து வடை சாப்பிடுவதில்லை.

"பெரியாக்கள் ஒருத்தரும் வரேல்லையே?" என்று அப்பா யோகராஜ் உள்ளே வந்து கிசுகிசுத்தார்.

"கனடாவில பிறந்த பிள்ளையள், அப்பிடித்தான். 'உங்கட மகளைப் பார்க்க வரலாமோ, ஆன்ரி'யெண்டு எவ்வளவு மரியாதையாக் கேட்டது!" என்றார் அம்மா ரஜனி. அந்தப் போனை வைக்குமுன்பே உழுந்தை ஊறப் போட்டவர் அவர்.

தட்சாயினிக்குக் கலியாணம் வேண்டாம், பாட வேண்டும். போன மாதம் அம்மா சீரியலில் மூழ்கியிருந்த நேரம், அம்மாவின் போனைத் தூக்கிக்கொண்டு சேலை அலுமாரிக்குள் புகுந்து, தான் மெட்டமைத்த பாட்டொன்றைப் பாடி, தன் பெயரைப் போட்டுக் 'காக'த்துக்கு அனுப்பியிருந்தாள். அது கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் சின்னப் பாட்டுக் கொம்பனி. அதை நடத்துபவர்களின் முகத்தை யாரும் கண்டதில்லை, போஸ்டரில் ஒரு காகம் மட்டும் இருக்கும். ஆனால் அது வெளியிட்ட பாட்டெல்லாம் வெள்ளவத்தை பஸ்ஸில் பாதிப் பேரின் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து பதில் வரும்வரைக்குமாவது கழுத்தை வெறுமையாய் வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாமென்றாயிற்று. இன்னொரு முறை சொன்னால் அம்மா அழுவார். அப்பா கதைக்காமல் இருப்பார், அது அதைவிட மோசம். ஆகவே இந்த முறை வேண்டாமென்று மாப்பிள்ளைதான் சொல்லவேண்டும்.

தேத்தண்ணித் தட்டோடு ஹோலுக்குள் போனாள். மாப்பிள்ளையின் பெயர் சாரங்கன். பக்கத்தில் இருந்தவன் கூட்டாளி பிறெடி. டொராண்டோவை விட்டுக் கொழும்புக்கு வந்து இருவருமாகத் தொழில் தொடங்கி நாலு வருடமாம்.

"முதல் போட்டது ஆர், தம்பி?" என்று அப்பா விசாரணையை ஆரம்பித்தார்.

"என்ர காரையும் இவன்ர காரையும் வித்தம், அங்கிள். பெரிய கொம்பனியள் ஒண்டும் எங்களை வாசல்லயும் விடேல்ல. முதல் வருசம் பாணும் பருப்பும்தான்," என்றான் சாரங்கன்.

"இப்ப எப்பிடிப் போகுது?"

"இஞ்ச எடுத்து உலகம் முழுக்க அனுப்பிறம். ஆனா நல்ல சரக்குக் கிடைக்கிறதுதான் கஷ்டம்," என்றான் பிறெடி.

"தேயிலையோ?"

பிறெடி இல்லையென்று தலையாட்டினான். மேலும் சொல்ல வாயைத் திறந்தவனின் தட்டில் அம்மா இன்னொரு வடையை வைத்தார். அது கறுவாப்பட்டையாகத்தான் இருக்கும் என்று அப்பா தாமாகவே முடிவுகட்டித் திருப்தியடைந்தார்.

சாரங்கன் அவளுடைய படிப்பைக் கேட்கவில்லை. சாதகத்தைக் கேட்கவில்லை. முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை.

"பாடுவீங்கள்தானே?" என்றான்.

இதற்காகத்தானே அவள் காத்திருந்தாள்! "ஓம்," என்றாள் பணிவாக.

"அங்கிள், அந்த ஃபேனைக் கொஞ்சம் நிப்பாட்டலாமோ?"

ஏப்ரல் மாதத்து வெள்ளவத்தையில் இப்படியொரு கோரிக்கையை அப்பா கேட்டதேயில்லை. ஆனாலும் கனடா மாப்பிள்ளை. நிற்பாட்டினார்.

"ஒரு நிமிசம். ட்ரெயின் போகட்டும்."

கடலோரத்து ரயில் தடதடத்து முடியும்வரை எல்லோரும் வியர்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். ரயில் சத்தம்கூடப் பொறுக்காதவன் பிள்ளை அழுதால் என்ன செய்வான் என்று தட்சாயினி நினைத்தாள். கொஞ்சநஞ்ச இரக்கமும் போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிக் கொடுத்த பாட்டையே எடுத்து, மிகுந்த கவனத்தோடு கெடுத்தாள். பல்லவிக்கு வெள்ளவத்தையில் ஏறிய சுருதி, சரணத்துக்கு முன்பே அடுத்த ஸ்டேசனான தெஹிவளையில் இறங்கிவிட்டது. கீழ்வீட்டு நாய் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. அப்பா ஃபேன் சுவிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குசினியில் அம்மா, மகளின் மானத்தைக் காப்பாற்றவென்று அதே பாட்டைச் சரியாக முணுமுணுத்தார். சாரங்கனின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. பிறெடி கடித்த வடையைத் தட்டில் திருப்பி வைத்தான்.

"சரி அங்கிள், பிறகு கதைக்கிறம்," என்று சாரங்கன் எழும்பினான்.

'பிறகு கதைக்கிறம்' என்றால் என்னவென்று பொம்பிளை வீட்டார் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் முகம் வாடியது. தட்சாயினி சந்தோசம் தாங்காமல் லிஃப்ட் வரைக்கும் தானே வழியனுப்பப் போனாள்.

"குறை நினைக்காதேங்கோ, அண்ணா," என்றாள். இனி 'அண்ணா' என்று தாராளமாகச் சொல்லலாம்.

"சீச்சீ, பிழை எங்கட பக்கம்தான்," என்றான் சாரங்கன். "வீட்டாக்களைக் கேக்காமல் பொம்பிளைப் பிள்ளையளோட கதைக்கக் கூடாதெண்டு என்ர அம்மா சொல்லித்தான் அனுப்பினவ. அதுதான் பாட்டு வந்த நம்பருக்கே எடுத்து ஆன்ரியோட கதைச்சனான்."

"என்ன... பாட்டு?"

பிறெடி தன் போனை எடுத்து அமத்தினான். அதிலிருந்து, சேலை அலுமாரிக்குள் பாடிய அவளுடைய குரல் வந்தது. போனின் முதுகில் ஒட்டியிருந்த காகம் அவளையே பார்த்தது.

"இதைக் கேட்ட நாளிலயிருந்து வேற ஆரையும் கேக்கப் பிடிக்கேல்ல," என்றபடி அவன் லிஃப்டுக்குள் ஏறினான். "கொன்ட்ராக்டும் கொண்டுதான் வந்தனாங்கள்."

தட்சாயினி வாயைத் திறந்தாள். இந்த முறை சரியாகப் பாடத்தான்.

மூடத் தொடங்கிய கதவுக்கு நடுவால் சாரங்கன் தலையை நீட்டினான்.

"பாடினது ஆன்ரிதானே! வெக்கத்தில உங்கட பேரைப் போட்டு அனுப்பியிருக்கிறா என்ன? அம்மாவை நாளைக்கு ஸ்ரூடியோவுக்கு வரச்சொல்லுங்கோ!"