பென்சில் பிளான்

ஆர்க்கிடெக்டின் மனைவி கையும் களவுமாகப் பிடிபட்டாள். அவளும் ஆர்க்கிடெக்ட்தான், ஆபீஸும் இருவருக்கும் பொது.

மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம். கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த வீட்டு பிளானை மேஜையில் விரித்து, அதன் மேல் டிரேசிங் தாளை வைத்து, பென்சிலால் கோட்டுக்குக் கோடு காப்பி அடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது என்ன கூத்து?"

"பார்த்தா தெரியலையா? காப்பி அடிக்கிறேன்."

தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

அவருக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்த சாஃப்ட்வேரை வாங்கியே தீர வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றபோது, மூக்கைச் சுளித்தவள் இவள். மனை அளவையும், எத்தனை அறை வேண்டும் என்பதையும் சொன்னால் போதும். டீ குடித்து முடிப்பதற்குள் சுவர், ஜன்னல், சோபா வரைக்கும் போட்டு முழு வீட்டையும் திரையில் காட்டிவிடும்.

"மெஷின் போட்டதை, நீ கையால வரைஞ்சதுன்னு காட்டப் போறியா? அந்தப் பேரை வாங்கி என்ன பண்ணப் போற?"

"அவங்க வரட்டும். நீங்க வாயைத் திறக்காம உட்கார்ந்தா போதும்."

அதோடு விட்டாளா? நேராக இருந்த கோடு ஒன்றை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக்கினாள். ஓரத்தை விரலால் தேய்த்து லேசாக அழுக்காக்கினாள். அவருக்கு மண்டை காய்ந்தது. ஏமாற்றுகிறவள் எதற்கு இப்படி மோசமாக வரைந்து ஏமாற்ற வேண்டும்?

மூன்று மணிக்கு, வீடு கட்டப்போகும் தம்பதி வந்தார்கள். திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்ட ஆள் வருகிறது. இன்று பிளானில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஏற்கெனவே மூன்று முறை திரையில் வீட்டைச் சுற்றிக் காட்டியாயிற்று. கணவர் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தார். அந்தப் பெண் மட்டும் மூன்று முறையும் "நல்லா இருக்கு" என்றதோடு சரி.

ஆர்க்கிடெக்டின் மனைவி டிரேசிங் தாளை அந்தப் பெண்ணின் முன்னால் விரித்தாள். பக்கத்தில் பென்சிலையும் ரப்பரையும் வைத்தாள்.

"இது சும்மா கிறுக்கினதும்மா. இன்னும் முடியலை. எது வேண்டாமோ அழிச்சிடுங்க."

பச்சைப் பொய்! ஆர்க்கிடெக்ட் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் தாளையே பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். பிறகு மெல்ல ரப்பரை எடுத்து, சமையலறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் இருந்த சுவரைப் பாதிக்குமேல் அழித்தாள்.

"ஏய், என்ன பண்ற?" கணவர் பதறினார்.

"இது எங்க அப்பாவோட ரூம் மேடம். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு இல்லை. தண்ணி வேணும்னாலும் சரி, மூச்சு முட்டினாலும் சரி, வலது கையை மட்டும் லேசா தூக்குவாரு. சத்தமே வராது. நான் அடுப்புகிட்ட நிக்கும்போது அந்தக் கை எனக்குத் தெரியணும்."

ஆர்க்கிடெக்ட் குனிந்து, அழிந்துபோன கோட்டைப் பார்த்தார். திங்கட்கிழமை தோண்டியிருந்தால் அந்தச் சுவர் எழும்பியிருக்கும்.

"ஏம்மா, மூணு தடவை காட்டினேனே! அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவள் தயங்கினாள்.

"அதுல நீங்க வீட்டைக் கட்டியே முடிச்சிட்டீங்களே சார். முடிஞ்ச வீட்டைப் போய் எப்படி இடிக்கச் சொல்றது?"