மலைக்கு ட்ரிப்பு

"ஜெயசீலா, கொஞ்சம் சிரிடா" என்று என்னை அதட்டிவிட்டு, பாறைமேல் சாய்த்து வைத்த போனில் டைமரை அமுக்கி ஓடிவந்தான் சுரேஷ்குமார்.

சிரித்தேன்.

இரண்டு பக்கமும் மொட்டை மலை, நடுவில் வாதி என்று இங்கே சொல்லும் வறண்ட காட்டாறு. கார்மேகம் நடுவில் நின்றான். நானும் சுரேஷும் ஆளுக்கொரு பக்கம் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டோம்.

பிறகு மூவரும் காருக்குப் போய்ச் சட்டையை மாற்றினோம். இரண்டாம் நாள் சட்டை.

ஆறு நாளும் வெயிலில் கல்லையும் மண்ணையும் பார்க்கிறவன், லீவு நாளிலும் அதையே பார்க்க என்ன தலையெழுத்து? அஜ்மான் ரூமில் ஏசியைப் போட்டுக் குப்புறக் கிடந்திருக்கலாம். எல்லாம் இந்த சுரேஷின் வாயால் வந்தது.

போன வாரம் சைட்டில் கார்மேகம் சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் அரை மயக்கத்தில் கிடந்தபோது ஊரிலிருந்து பிருந்தா கூப்பிட்டாள். பொண்டாட்டி குரலைக் கேட்டதும் உளறிவிட்டான்: ட்ரிப்ஸ் போகுது என்று.

சுரேஷ் போனைப் பிடுங்கினான். "ட்ரிப்ஸ் இல்ல மதினி, ட்ரிப்பு! மலைக்கு ட்ரிப்பு போறோம். ரெண்டு நாளு டவர் கெடைக்காது."

ஓர் எழுத்தை முழுங்கிவிட்டதில் அவனுக்கு அத்தனை பெருமை. போட்டோ எங்கே என்று அவள் தினமும் கேட்பாள் என்று யார் கண்டது?

அனுப்பித்தான் ஆகவேண்டும். இதற்கு முன்னாலும் ஒருமுறை விழுந்தவன் இவன். இன்னொரு தடவை விழுந்தால் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட வேண்டுமென்று, லீவில் போனபோது பிருந்தா மகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். வந்துவிட்டால் பாதியில் நிற்கும் வீடு அப்படியே நிற்கும். மீறினால் பிள்ளைக்கு ஆகாது என்ற பயமும் உண்டு. அதனால் அவளுக்குத் தெரியாதவரை விழுந்ததாகாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான்.

கார்மேகம் கையில் ஊசி குத்திய இடம் கறுத்திருந்தது. முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டோம்.

வேறு பாறை, வேறு வெளிச்சம். மறுபடியும் தோளில் கைபோட்டோம், மறுபடியும் சிரித்தோம்.

மலையை விட்டு இறங்கி, பெட்ரோல் பம்ப் பக்கம் வந்த பிறகுதான் டவர் கிடைத்தது. கார்மேகம் எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பினான். நீல டிக் விழுந்தது. 

வாய்ஸ் மெசேஜ் வந்தது. அமுக்கினான். காருக்குள் மூவருக்கும் கேட்டது.

"மலையெல்லாம் நல்லாருக்கு. அவுக ரெண்டு பேரும் ஒரு போட்டோவுலகூட ஒங்களத் தனியா நிக்க விடலியே."

மெசேஜ் இன்னும் ஓடியது. மகள் ஏதோ பாடுவது மட்டும் பின்னால் கேட்டது.

"எத்தன பாட்டில் ஏத்துனாக?"