ஒரு படி தளர்வு

"இவ்வளவு அகலமான பலகைக்குப் போய் அந்தக் கொசு பைண்டிங்கா? முதல் வளைவுலயே என்னை ஓரமா வீசிட்டு அது பாட்டுக்குப் போயிடும்!" என்றாள் குட்ரூன்.

"எடை கம்மி. மலை ஏறும்போது கால் வலிக்காது," என்றான் ஈவார்.

"ஏறுறது கடமை, ஈவார். இறங்குறதுதான் சந்தோஷம். எனக்கு இறங்குறதுக்குன்னு செஞ்ச பைண்டிங்தான் வேணும்."

சோக்ண்டால் என்கிற மலையூரில் எகிலின் பனிச்சறுக்குக் கடை. ஈஸ்டர் விடுமுறைக்கு இன்னும் ஒரு வாரம். குட்ரூனின் புதுப் பலகைகள் இரண்டும் இன்னும் துளை போடாமல் மேசைமேல் கிடந்தன. பூட்ஸைப் பலகையோடு கவ்விப் பிடிக்கிற பைண்டிங்கில் எதை மாட்டுவது என்று இருவரும் வந்ததிலிருந்து மல்லுக்கு நிற்கிறார்கள். எகில் காபியைக் குடித்து முடித்தே விட்டான்.

"உன் முட்டியை மறந்துட்டியா?" என்றான் ஈவார்.

அவள் கை தானாக வலது முட்டிக்குப் போனது. அறுவை செய்த முட்டி. இன்னொரு தடவை முறுக்கிக்கொண்டால் அப்புறம் பனியை ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

எகில் உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தான். "ரெண்டு பேர் சண்டைக்கும் இதுதான் தீர்வு. ஏறும்போது குதிகாலை விட்டுடும். உச்சிக்குப் போய் அழுத்தினா கெட்டியாப் பூட்டிக்கும். அப்புறம் முழுக்க இறங்குற பைண்டிங்தான். கொஞ்சம் கனம், அவ்வளவுதான்."

"கனத்தை நான் பார்த்துக்கறேன்," என்றாள் குட்ரூன் உடனே.

"விழுந்தா காலை விடுமா? அதை முதல்ல சொல்லு," என்றான் ஈவார்.

"எல்லாம் முடுக்குறதுல இருக்கு அண்ணே. இறுக்கிட்டா விழும்போது விடாது, முட்டி போயிடும். ரொம்பத் தளர்த்திட்டா நடுச்சரிவுல கழண்டுக்கும். எடை, உயரம், வயசு எல்லாம் சரியாத் தெரிஞ்சாத்தான் முடுக்க முடியும்." எகில் குட்ரூன் பக்கம் திரும்பினான். "சொல்லுங்க அக்கா."

எடையைச் சொன்னாள். உயரத்தைச் சொன்னாள். வயது என்றதும் சுவரில் தொங்கிய குளிர்கண்ணாடிகளில் எதையோ தேடினாள்.

"நாற்பத்தேழு."

ஈவார் ஆரஞ்சுப் பழம் உரிப்பதில் மும்முரமாக இருந்தான். உரித்து முடித்ததும் பாதியை அவள் கையில் வைத்தான். "ஈஸ்டர் சனிக்கிழமை உச்சியில உக்காந்து இன்னொண்ணு உரிக்கலாம்," என்றான்.

கார் வரைக்கும் போனவன், "அடடா, கையுறை!" என்று கடைக்குத் திரும்பி ஓடினான்.

மறுநாள் எகில் கடையைத் திறக்க வந்தபோது வாசலில் குட்ரூன் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"எகில், நேத்து உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். எனக்கு ஐம்பத்து மூணு."

"சரி."

"என்னப்பா சரி! ஐம்பதைத் தாண்டினா ஒரு படி தளர்த்தணும்னு எனக்கும் தெரியும். முட்டியை நினைச்சு தூக்கமே வரல."

"அண்ணன்கிட்டயே சொல்லிடலாமே, அக்கா."

"எப்படிச் சொல்றது? பழக ஆரம்பிச்ச அன்னிக்கே ஏதோ ஒரு கூச்சத்துல வயசைக் குறைச்சுட்டேன். அவனுக்கு ஐம்பத்தொண்ணு. நான் அவனைவிடப் பெரியவ, அதுவும் இத்தனை மாசம் பொய் சொன்னவன்னு இப்பப் போய் நிக்கவா? விவாகரத்து ஆகி எத்தனையோ வருஷம் கழிச்சு இப்பத்தான் ஒருத்தன் எனக்காக ஆரஞ்சு உரிக்கிறான். அதைக் கெடுத்துக்க மனசு வரல. நீ சத்தம் காட்டாம தளர்த்திடு. அவனுக்குத் தெரியவே வேண்டாம்."

கடைக்குள்ளே பலகைகள் பைண்டிங்கோடு தயாராகச் சுவரில் சாய்ந்திருந்தன. எகில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான்.

"என்ன யோசனை? தளர்த்து. நான் பார்த்துட்டேதான் இருப்பேன்." குட்ரூன் குனிந்து பைண்டிங்கில் முடுக்கைக் காட்டும் எண்ணில் கண்ணை வைத்தாள்.

"முடியாது அக்கா. இதுக்கு மேல தளர்த்தினா நடுச்சரிவுல உங்களைக் கவுத்துடும். நேத்தே ஒரு படி தளர்த்தித்தான் மாட்டியிருக்கேன்."

"நேத்தேவா? யார் சொல்லி?"

எகில் தலையைச் சொறிந்தான். "சொல்லக்கூடாதுன்னு சொன்னார். நேத்து அண்ணன் கையுறையே கொண்டுவரல, என்கிட்டப் பேசத்தான் திரும்பி வந்தார். சின்ன வயசுல கொஞ்ச காலம் உங்க வோஸ் ஊர்ப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சாராம், உங்களுக்கு ரெண்டு வகுப்பு கீழ. நீங்க பின்பக்கச் சரிவுல இறங்குறதைப் பார்க்க தினமும் வேலியோரமா வந்து நிப்பாராம். உங்களுக்குத்தான் அவரை ஞாபகம் இல்லையாம்."

குட்ரூன் பக்கத்திலிருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள்.

"'ஐம்பத்து மூணுக்கு முடுக்கு எகில்'னார். 'ஆனா அவ நாற்பத்தேழுன்னு சொன்னா, நாற்பத்தேழுதான்.'"