சனியைப் பிடித்தவள்

பழவேற்காட்டு ஏரித் தண்ணீரில் அந்திச் சிவப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின் மேல், நாகப்பன் பழசாக வாங்கி வந்த சின்னத் தொலைநோக்கி நிற்கிறது. சனிக் கிரகத்தைப் பார்த்துவிட ஒரு வாரமாக அவன் படாதபாடு படுகிறான். கை பட்டதும் குழாய் ஆடுகிறது, கிரகம் ஓடிவிடுகிறது. இறால் பிடித்த சேற்றைக் கழுவிய ஈரக் கையோடு அவன் மனைவி கஸ்தூரி வந்து, "தள்ளுய்யா, நான் பாக்குறேன்" என்கிறாள். கலங்கல் தண்ணீருக்கடியில் தடவித் தடவியே இறாலைப் பிடிக்கும் விரல்கள் அவளுடையவை. குழாயை நகர்த்தும் திருகாணியை அவள் அழுத்துவதில்லை. மயிரிழை நகர்த்துகிறாள், நிறுத்துகிறாள், மறுபடி நகர்த்துகிறாள். குழாய் அசையவே இல்லை. நாகப்பன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். சட்டென்று அவள் விரல் நின்றுவிடுகிறது.

"இன்னா தெரியுது?"

"சின்னதா ஒரு மணி கீது. ஊசி குத்தி வச்சாப்ல குறுக்க ஒரு கோடு. உள்ள படம் எதனா ஒட்டி வச்சிக்கீறியா?"

அந்தக் கோடுதான் சனியின் வளையம் என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. "நெசந்தான் கஸ்தூரி. மேலதான் கீது."

அவள் நிமிர்ந்து வானத்தில் அந்த மங்கலான புள்ளியைத் தேடிப் பார்க்கிறாள். மறுபடி குனிகிறாள். கிரகம் மெல்ல விலக விலக, அவள் விரலும் கூடவே போகிறது. ஏரியிலிருந்து காற்று கிளம்புகிறது. நாகப்பன் இன்னும் பார்க்கவில்லை. தனக்கு எப்போது என்று கேட்கவுமில்லை. குழாய் ஆடாதபடி, காற்றுக்கு முதுகைக் கொடுத்து ஐஸ் பெட்டியோரம் உட்கார்ந்துகொள்கிறான்.