பரிசு விதை

"விரலை நீட்டுங்க. பிடிக்காதீங்க, அதுவா வரட்டும்" என்றார் பறவைப் பயிற்சியாளர்.

பல் டாக்டரம்மா பயந்துகொண்டே நீட்டினார். போன மாதம் அதே விரலைக் கடித்துக் குதறிய அவருடைய கிளி, இப்போது தானாக ஏறி உட்கார்ந்தது. உடனே அதற்கு ஒரு சூரியகாந்தி விதை கிடைத்தது.

"எப்படிங்க இது?"

"ஒரு மாசமா எங்க வீட்டுக் கூடத்துலதான் இருக்கு. அடி, அதட்டல் எதுவும் கிடையாது. சிறகைச் சிலிர்த்தா நாம விலகிக்கணும். நல்லது செஞ்சா உடனே பரிசு. பயந்துபோன உயிர் எதையும் கத்துக்காதுங்க."

அப்போது கிளி வாயைத் திறந்தது. அச்சு அசலாகப் பயிற்சியாளரின் குரல்.

"மரமண்டை! எத்தனை தடவ சொல்றது? அறிவிருக்கா உனக்கு?"

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. "இதுதான் உங்க அன்பா? வாயில்லா ஜீவனைப் போய் இப்படியா திட்டுவீங்க?"

"சத்தியமா இல்லைங்க!" என்று பதறினார் பயிற்சியாளர். தேநீர்த் தட்டோடு வந்த மனைவியிடம், "நீயே சொல்லேன்!" என்றார்.

"உண்மைதாங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "கிளியை அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டினதில்ல."

டாக்டரம்மா ஒன்றும் புரியாமல் விழித்தார்.

கிளி தலையைச் சாய்த்தது. இந்த முறை அந்த மனைவியின் குரலில், தணிவாகச் சொன்னது:

"மெதுவா திட்டுங்க... பக்கத்து வீட்ல கேக்கும்."

சொல்லி முடித்ததும், விதைக்காகப் பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்தது. அவர்தான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்.